சாப்பாட்டுக்குப் பின், கதை ஒன்று

அந்த உறை என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் பழுப்புக் கடதாசி உறைதான். மாத்திரையின் பெயர் எழுதவேண்டிய இடத்தில் நீலப் பேனையால், பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டை எழுத்தில், இப்படி இருக்கும்: ‘பகல், சாப்பாட்டுக்குப் பின், கதை ஒன்று. கதை பாதி முடிந்த பிறகு மற்றது. அதற்கு முன் மற்றதைத் தொடவேண்டாம்.’ பதினொரு வருடமாக அதை என் அடையாள அட்டையின் பிளாஸ்டிக் கூட்டுக்குள், அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன். எத்தனையோ கந்தோர்களில் அட்டையை நீட்டியிருக்கிறேன். பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அது எனக்கு எழுதப்பட்டதல்ல. ஒரு நோயாளியின் தலையணைக்கு அடியிலிருந்து நான் எடுத்தது. எடுத்தது என்பதுகூட எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மரியாதைதான்.

நான் மருந்தாளராக இருந்தவன். மன்னாருக்குத் தெற்கே, முசலிப் பக்கம் கடலை அண்டிய ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை. சொந்த ஊர் வங்காலை, ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போய் வருவேன். யன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணிக் கொடுப்பது என் தொழில். முப்பது என்றால் முப்பதுதான், அதில் கதைக்கு இடமில்லை. அதனாலோ என்னவோ, கதைப் புத்தகம் வாசிக்கிறவர்களை நான் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்துவந்தேன். நடக்காத ஒன்றை நடந்ததுபோல் சொல்ல ஒருவன், அதை வாசித்துக் கண்ணைத் துடைக்க இன்னொருவன், இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை என்று நினைத்திருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டிக் கழுவி, நோயாளிகளைத் தூக்கி இருத்தி, வேளைக்குச் சாப்பாடு கொடுக்கிற சிற்றூழியர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படி அழைப்பார்கள். டொக்டருக்கும் ராத்தா, பேக்கரிப் பாண் கொண்டுவருகிறவருக்கும் ராத்தா, எனக்கும் ராத்தா. அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பது அவருடைய சம்பளப் படிவத்தைத் தற்செயலாகப் பார்த்தபோதுதான் தெரியவந்தது. அதற்குப் பிறகு கூப்பிடும் முறையை மாற்ற முடியுமா என்ன?

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். யுத்தத்தில் ஊரைவிட்டுப் போய்ப் புத்தளத்தில் அகதி முகாமில் இருந்த காலத்தில், நிவாரணப் பெட்டிகளில் உடுப்போடு புத்தகங்களும் வருமாம். மேலே காதல் கதை இருக்கும், அதற்குக் கீழே மாட்டு வைத்தியம், அதற்கும் கீழே யாரோ ஒரு நீதவானின் வாழ்க்கை வரலாறு. வந்த ஒழுங்கிலேயே வாசித்தார். “எது கதை, எது உண்மை எண்டு பிரிச்சு ஆரும் எங்களுக்கு அனுப்பயில்ல. சோறும் கறியும் மாதிரி ரெண்டும் ஒண்டாத்தான் வந்தது” என்று சொல்வார். ஊருக்குத் திரும்பி வேலை கிடைத்த பிறகு, பழைய மருந்து அலுமாரி ஒன்றைக் கேட்டு வாங்கி, வார்டின் மூலையில் வைத்துப் புத்தகம் அடுக்கத் தொடங்கினார். மன்னாருக்குப் போகிறவர், யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர், ஒருவரையும் புத்தகம் கொண்டுவரச் சொல்லாமல் போகவிடமாட்டார்.

புத்தகம் கொடுக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. கட்டிலுக்கு அடியைக் கூட்டும்போது மூன்று கேள்வி கேட்பார். என்ன தொழில்? யார் பார்க்க வருகிறார்கள்? என்னத்துக்குப் பயம்? மூன்றாவதைக் கேட்கும்போது குனிந்து கூட்டிக்கொண்டே இருப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். முகம் தெரியாததாலோ என்னவோ, என்னிடம் எங்கே நோகிறது என்றுகூடச் சொல்லாதவர்கள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அதற்குப் பிறகு இரண்டு புத்தகம் வரும். ஒன்று கதை, ஒன்று மற்றது. தனியாக ஒன்றைக் கேட்டால் கிடையாது. வயலில் பாம்பு கடித்துக் கிடந்த அடம்பன் ஊர்க் கமக்காரருக்குப் பாம்புகளைப் பற்றிய புத்தகத்தையும், பட்டணத்தில் நடக்கும் ஒரு திருட்டு வழக்குக் கதையையும் கொடுத்தார். ஞான நூல்களைத் தவிர வேறொன்றும் தொடாத ஓய்வுபெற்ற ஆசிரியருக்குச் சமையல் புத்தகமும் ஒரு காதல் கதையும் போயின. அவர் முதலில் கோபித்தார், பிறகு வீட்டுக்குப் போகும்போது சமையல் புத்தகத்தைத் திருப்பித் தர மறந்துவிட்டார். முதல் பிரசவத்துக்கு வந்து பயந்துகொண்டிருந்த பிள்ளைக்கு நட்சத்திரங்களைப் பற்றி ஒரு புத்தகமும் பேய்க் கதை ஒன்றும். “பேய்க் கதையா ராத்தா?” என்று கேட்டேன். “பயப்பிடுற ஆளுக்குப் பயப்பிட வேறொண்டு குடுக்கோணும்” என்றார். எதை எப்போது வாசிக்கவேண்டும் என்பதை என்னிடம் வெற்று உறை வாங்கி எழுதி, புத்தகத்துக்குள் வைத்துக் கொடுப்பார். உறைகளை வீணாக்குகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் புறுபுறுப்பு.

அரிப்பு என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒரு கடற்றொழிலாளி வந்து சேர்ந்தார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். காலில் திருக்கை முள் ஏறிய புண், அதோடு சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. பெருவிரல் கறுத்துவிட்டது. மன்னார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த விரலை எடுத்துவிட்டால் கால் தப்பும் என்று டொக்டர் சொன்னார். அவர் மாட்டேன் என்றார். “விரல் எண்டுதான் தொடங்குவினம். பிறகு காலெண்டுவினம். காலில்லாதவன் வள்ளத்தில என்னெண்டு நிக்கிறது?” என்று மனைவியிடம் சத்தம்போட்டது யன்னல் வரைக்கும் கேட்டது.

ராத்தா அவருக்கும் இரண்டு புத்தகம் கொடுத்தார். ஒன்று தடித்த பழைய கதைப் புத்தகம், மட்டையும் இல்லை, கட்டும் தளர்ந்துபோனது. மற்றது சீனி வருத்தத்தைப் பற்றியது, நிறப் படங்களோடு. மத்தியானம் நான் மருந்து கொண்டுபோனபோது அண்ணன் கதையின் நாலாம் பக்கத்தை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் அழுகிக்கொண்டிருக்கிறது, இந்த மனுசன் சிரிக்கிறாரே என்று. “அண்ணன், இது கதை வாசிக்கிற நேரமே? முதல் இதைப் பாருங்கோ” என்று கதையை வாங்கிக்கொண்டு படப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். தலையணைக்கு அடியில் அந்த உறை நீட்டிக்கொண்டிருந்தது. வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். எந்த மருந்தை முன்னுக்கு, எதைப் பின்னுக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன், எழுதியிருந்ததைக் கண்ணால் கண்டும் தலைகீழாகக் கொடுத்ததைத் திருத்தாமல் வந்தேன்.

விடியக் கட்டில் வெறுமையாக இருந்தது. முதல் பஸ்ஸில் நொண்டிக்கொண்டு போய் ஏறியதை யாரோ கண்டிருந்தார்கள். கட்டிலில் படப் புத்தகம் விரிந்தபடி கிடந்தது, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு காலின் படம். டொக்டர் அதைத் தூக்கிப் பார்த்தார். எல்லோருக்கும் முன்னால் ராத்தாவைக் கூப்பிட்டு, “இது ஆஸ்பத்திரியா, வாசிகசாலையா? ஆரைக் கேட்டு இதைக் குடுத்தனீர்?” என்று கேட்டார். அலுமாரியைப் பூட்டித் திறப்பைத் தன் மேசைக்குள் போட்டார். ராத்தா “ஓம் சேர்” என்று மட்டும் சொன்னார். நான் நாலடி தள்ளி நின்றேன். உறை என் சட்டைப் பையில் இருந்தது. வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். திறக்கவில்லை.

சற்று நேரத்தில் ராத்தா என் யன்னலுக்கு வந்தார். மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்தில் தட்டில் அந்தக் கதைப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அதைத் தாங்கோ” என்றார். கொடுத்தேன். தளர்ந்த கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். புத்தகம் நடுவில் இரண்டாகப் பிரிந்தது. பின்பாதியை என் மேசையில் வைத்தார். “இது உங்களிட்ட இருக்கட்டும். அவர் வந்து கேட்டாக் குடுங்கோ” என்றார். முன்பாதியைப் பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அரிப்புக்குப் பஸ் ஏறினார். அங்கே என்ன பேசினார் என்று அன்று எனக்குத் தெரியாது. காலைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை, வாசற்படியில் இருந்து பத்துப் பக்கம் வாசித்துக் காட்டி, முன்பாதியைக் கொடுத்து, மிச்சம் என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டார் என்று அண்ணனின் மனைவி பிறகு சொன்னார்.

நாலு நாள் அந்தப் பின்பாதி என் மேசையில் கிடந்தது. முதல் நாள் அதன்மேல் மருந்துப் பட்டியலை வைத்தேன். இரண்டாம் நாள் ஆளில்லாத மத்தியானத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்தேன். தங்கையின் கலியாணத்துக்குப் போகப் புறப்பட்ட ஒருவன், புகையிரதத்தைத் தவறவிட்டு, முன்பின் தெரியாத ஊர் ஒன்றில் மழையில் நிற்கிறான். அவன் கக்கத்தில் ஒரு சேவல் இருக்கிறது. ஏன் சேவல், யாருடைய சேவல் என்று எனக்கு விளங்கவில்லை. அதையெல்லாம் முன்பாதியில் சொல்லியிருப்பார்கள் போல. மூன்றாம் நாள் மாத்திரை எண்ணுவது இரண்டு தரம் பிழைத்தது. நாலாம் நாள் காலை முடித்தேன். என் வாழ்க்கையில் நான் முழுதாக வாசித்த முதல் கதை அது, முழுதும் அல்ல, பாதி. கடைசிப் பக்கத்தில் அவன் அந்தச் சேவலை வைத்துச் செய்த காரியத்துக்கு என் கண் நிறைந்துவிட்டது. யன்னலைச் சாத்திவிட்டு முகம் கழுவினேன்.

அன்று பத்து மணிபோல ஓட்டோவில் அண்ணன் வந்து இறங்கினார். கால் பாண்போல வீங்கியிருந்தது. டொக்டரைத் தேடவில்லை, நேரே என்னிடம் வந்தார். “மிச்சம் உங்களிட்ட இருக்காம்” என்றார். கொடுத்தேன். அதைக் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டே அம்புலன்சில் ஏறினார். மன்னாரில் பாதிப் பாதத்தை எடுக்கவேண்டி வந்தது. நாலைந்து நாள் முந்தி வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். அந்த நாலைந்து நாளும் நான் கொடுத்தது.

அலுமாரியை அதற்குப் பிறகு ஒருவரும் திறக்கவில்லை. ராத்தா தன் பையில் இரண்டு புத்தகம் மட்டும் கொண்டுவருவார், ஒரு கட்டிலுக்குக் கொடுத்து, வாங்கி, அடுத்த கட்டிலுக்குக் கொடுப்பார். என்னிடம் உறை கேட்பதை நிறுத்திவிட்டார். மற்றபடி பேச்சில் ஒரு குறையும் இல்லை, பெருநாளைக்கு அவர் வீட்டில் அவித்த வட்டிலாப்பமும் வந்தது. அதுதான் எனக்குக் கூடுதலாகக் குத்தியது. நான் கத்தோலிக்கன், ஒவ்வொரு தபசுகாலத்திலும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் இதைச் சொன்னேன். அவரும் ஒவ்வொரு முறையும் மன்னித்து, செபம் சொல்லித் தந்தார். சொல்லவேண்டிய ஆள் பத்தடி தூரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

ராத்தாவும் நானும் ஓய்வுபெற்றுவிட்டோம். அந்த ஆஸ்பத்திரிக்கு இப்போது இளம் டொக்டர் பிள்ளை ஒருவர் வந்திருக்கிறார். பூட்டிய அலுமாரியைக் கண்டு, கதை கேட்டு, திறப்பையும் தேடி எடுத்துவிட்டார். பழைய ஆள் என்று எனக்கு ரெலிபோன் பண்ணி, “அங்கிள், வார்டுக்குப் புத்தகங்கள் வாங்கப்போறன். கதையும் மற்றதும் கலந்து ஒரு பட்டியல் எழுதித் தாங்கோவன்” என்றார். கேட்பதற்கு அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒற்றைத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கிழமை இருந்தேன். ஒரு பெயரும் எழுத வரவில்லை. கடைசியில் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ராத்தாவின் வீட்டுக்குப் போனேன்.

உறையை அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுத் தன் கையெழுத்தை வாசித்தார். “அண்டைக்கே தெரியும். புத்தகம் உங்கட தட்டிலயெல்லோ கிடந்தது” என்றார். பிறகு, “கோவமா இருந்தனான். அதையும் சொல்லத்தானே வேணும். நல்ல கோவம்” என்றார். அவர் கேட்டார், “பின்பாதியை வாசிச்சீங்களா?” ஓம் என்றேன். அந்தச் சேவல் யாருடையது என்று பதினொரு வருடமாகத் தெரியாது என்றேன். ராத்தா சிரிக்கத் தொடங்கி, இருமி, தண்ணீர் குடித்தார். “நான் சொல்லமாட்டன். புத்தகம் அரிப்பில அவரிட்டத்தான் இருக்கு. பட்டியலுக்கு என்னட்ட வந்தீங்க. அதுக்குமுதல் போகவேண்டிய வீடு அது.”

போனேன். அண்ணன் வாசலில் கதிரையில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். பாதிப் பாதத்துக்கு அளவாகத் துணி அடைத்த சப்பாத்து. புத்தகத்தின் இரண்டு பாதியையும் வலை தைக்கிற தங்கூசி நூலால் சேர்த்துத் தைத்து, பொலித்தீன் பைக்குள் வைத்திருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். கதையை வாங்கியதை, படத்தைக் கொடுத்ததை, உறையை எடுத்ததை, வாய் திறக்காமல் நின்றதை. அவர் கை நிற்கவில்லை. கண்ணி கண்ணியாக ஒரு முழம் பொத்தி முடித்தார். பிறகு கத்தியை எடுத்தார். தைத்திருந்த நூலை அறுத்து, முன்பாதியை என்னிடம் நீட்டினார்.

“இதை வாசிச்சுப்போட்டு வாங்கோ. மிச்சம் என்னட்ட இருக்கு. அப்ப கதைப்பம்.”

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பின்பாதியை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி வலையை எடுத்தார். இனி நான் வாசித்துமுடிக்கத்தான் வேண்டும், முடித்தால் போகத்தான் வேண்டும். டொக்டர் பிள்ளைக்கு ரெலிபோன் பண்ணி, பட்டியல் கொஞ்சம் சுணங்கும், ஆனால் ராத்தாவும் நானும் சேர்ந்துதான் எழுதுவோம் என்று சொல்லிவிட்டேன். பகலில், சாப்பாட்டுக்குப் பின், எழுதியிருக்கிறபடியே வாசிக்கிறேன். ராத்தா திருப்பித் தந்த உறையை அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன், இன்று அது நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. சேவல் இன்னும் வரவில்லை.