பாசிட்டிவ்

கருத்தரிப்பு ஆராய்ச்சிப் பிரிவில் நர்ஸாக இருந்தாள் மூத்த மருமகள். சிகிச்சை எடுத்தவர்களுக்குப் போன் போட்டு, பலித்ததா என்று கேட்பது அவள் வேலை. "பாசிட்டிவ்" என்று யாராவது சொன்னால் வாய் வாழ்த்தும், வயிறு எரியும். அவளுக்கு மட்டும் எதுவும் பலிக்கவில்லை.

அன்று சமையலறையில், கண் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஓரகத்தி போனில் கிசுகிசுத்தாள். "பாசிட்டிவ்தானா? சரி, நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

நேற்று வந்தவள் முந்திக்கொண்டாளே என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"எத்தனை வாரம்?"

"வாரமா? எங்க ஆராய்ச்சியில கண் புற்றுநோய்ப் பையன் ஒருத்தன் இருக்கான்க்கா. பரம்பரையா வர்ற நோய்ங்கறதால அவன் தம்பிக்கும் டெஸ்ட் எடுத்தோம். பொறந்து ஒரு மாசம்தான் ஆகுது. அவனுக்கும் இருக்காம்."

"அப்பாடா" என்றாள் இவள், வாய்விட்டே.