அடக்கிப் பழகிய உடம்பு

அந்த நகரப் பேருந்தில் ஏறி இறங்குபவர்களுக்கு அவளுடைய பெயர் தெரியாது. விசிலக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். நெரிசலுக்குப் பேர்போன தடத்தில் பத்தாண்டுகளாக அவள்தான் நடத்துநர். கம்பியைப் பிடிக்காமல், குலுங்கும் வண்டியில் கால்களை அகட்டி நின்று, கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டே சீட்டுக் கொடுப்பதில் அவளுக்கு நிகர் அவளே. படியில் தொங்கும் கல்லூரிப் பையன்களுக்கு அவள் கண்ணை உருட்டினாலே போதும். மளமளவென்று உள்ளே வந்துவிடுவார்கள்.

அந்த வேலையில் அவள் கற்றுக்கொண்ட இன்னொரு வித்தையைப் பற்றி மட்டும் எவரும் வெளியே பேசுவதில்லை. தடத்தின் ஒரு முனையில் பெண்கள் ஒதுங்க இடமே கிடையாது. மறுமுனையில் பெட்ரோல் நிலையத்துக் கழிவறை ஒன்று உண்டு. அதன் சாவி எப்போதும் வேறு யாரிடமாவது இருக்கும். சாவியைத் தேடிப்பிடித்து உள்ளே போய்த் தாழிட்டால், நேரமாகிவிட்டது என்று ஓட்டுநர் வெளியே ஒலிப்பானை அழுத்தத் தொடங்குவார். ஆகையால் பணிமனைப் பெண்கள் வேலைக்குக் கிளம்பும் முன் தண்ணீரைத் தொடுவதே இல்லை. அடக்குவது முதலில் வேதனையாக இருந்தது, பிறகு பழகிப்போயிற்று, கடைசியில் அதுவே ஒரு பெருமையாகவும் ஆகிவிட்டது.

"விடிஞ்சதுலேர்ந்து நான் போகவே இல்லடி" என்று ஒருத்தி சொல்வாள்.

"இதெல்லாம் ஒரு பேச்சா? எனக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே ஞாபகம் இல்ல" என்பாள் விசிலக்கா. பணிமனையின் ஓய்வறையே சிரிக்கும்.

அவள் கருவுற்றபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. நெடுங்காலம் காத்திருந்து வந்த பிள்ளை. உடம்பில் குறையொன்றும் இல்லை, சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம் என்றார் மருத்துவர். முயல்வது என்ன, அதைத் தவிர வேறெதையும் நினைப்பதில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு முன்னால் பிள்ளை பெற்ற நடத்துநர் ஒருத்திக்கு வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுத்தார்கள். காயம் ஆறும்வரை நின்று வேலை பார்க்க வேண்டாம் என்று அவளைப் பயணச்சீட்டுக் கட்டுகளை அடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். காயம் ஆறிற்று, ஆனால், அவளுடைய தடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. இன்றும் அவள் அந்தச் சன்னலில்லாத அறையில்தான் இருக்கிறாள். அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் விசிலக்கா நடையை எட்டிப் போடுவாள்.

மருத்துவமனையின் மாடியில், பிரசவத்துக்கு உடம்பையும் மனத்தையும் ஆயத்தப்படுத்தும் வகுப்பு வாரந்தோறும் நடந்தது. அதை நடத்தியவர், பிரசவ அறையில் பலகாலம் வேலை பார்த்த மருத்துவச்சி. விசிலக்கா ஒரு வகுப்பையும் தவற விடவில்லை. அவளுடைய கணவரும் கூடவே வருவார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க முடியாதவர்.

ஒருநாள் மருத்துவச்சி எல்லாரையும் பாயில் பின்னால் சாய்ந்து உட்காரச் சொன்னார்.

"ஒண்ணுக்கு வந்தா எப்படி அடக்குவீங்களோ, அந்த மாதிரி அடிவயித்துக்குக் கீழ இறுக்குங்க. ம். இப்ப மெதுவா விடுங்க."

ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவர் விசிலக்காவின் அருகில் நின்றார். அவளுடைய தாடையையும் தொடையையும் கவனித்தார்.

"இறுக்கறதை உங்களுக்குச் சொல்லித்தரவே வேணாம். ஆனா நான் விடச் சொல்லி எவ்வளவு நேரமாச்சு? நீங்க இன்னும் விடலையே."

"விட்டுட்டேன் மேடம்."

"நீங்க விட்டுட்டதா நினைக்கிறீங்க. உடம்பு விடலை. பிள்ளையை நாம தள்றது அப்புறம். முதல்ல வழி விடணும்."

"வீட்லயும் இப்படித்தான் மேடம். டிவி ரிமோட்டைக்கூட விட மாட்டா" என்றார் கணவர்.

வகுப்பே சிரித்தது. அவள் அவரைப் பார்த்த பார்வையில் படியில் தொங்கும் பையனாயிருந்தால் குதித்தே ஓடியிருப்பான்.

விட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டு, அதற்குமேல் அந்தப் பாடத்தில் அவள் மனத்தைச் செலுத்தவில்லை. மற்றவற்றையெல்லாம் கண்ணுங்கருத்துமாகச் செய்தாள். விடியற்காலையில் நடந்தாள். உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்துவைத்து உட்கார்ந்து முழங்கால்களைத் தரையை நோக்கித் தாழ்த்தினாள். குந்தி எழுந்தாள். மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கவேண்டும் என்பதால், சமைக்கும்போதுகூட உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். "அடுப்பு நல்லாத்தானே எரியுது, எதுக்குடி ஊதறே?" என்று அவளுடைய அம்மா கேட்பாள். உங்களுக்கு என்ன பயம் என்று மருத்துவச்சி கேட்டபோது மட்டும், "எனக்கென்ன பயம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வலி ஒரு விடியற்காலையில் தொடங்கிற்று. பொறுமையாக வீட்டிலேயே நடந்து, வலி நெருங்கி வரத் தொடங்கியபின் மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். படித்தது ஒன்றும் வீண்போகவில்லை. ஒவ்வொரு வலிக்கும் நீளமாக ஊதினாள். சேர்த்துக்கொண்ட செவிலி கையில் குளுக்கோஸ் ஏற்றினாள். "ஒருதடவை பாத்ரூம் போயிட்டு வந்துடுங்கக்கா, அப்புறம் படுத்துக்கலாம்" என்றாள்.

உள்ளே போய்த் தாழிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த மறுகணமே கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரும்மா? என் மருமக நிக்க முடியாம நிக்கறா. கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழே எல்லாம் பூட்டிக்கொண்டது. அவள் எதையும் அடக்கவில்லை. உடம்பே தானாக அடக்கிக்கொண்டது. தண்ணீரை ஊற்றிச் சத்தம் எழுப்பிவிட்டு வெளியே வந்தாள்.

"போயாச்சாக்கா?"

"ஆச்சு சிஸ்டர்."

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ தடவை சொன்ன சொல். நாக்கு நுனியிலேயே இருந்தது, வந்துவிட்டது.

வெயில் ஏறிற்று. வலி வலுத்தது, பிரசவம் மட்டும் நகரவில்லை. பக்கத்துத் தடுப்பில், அந்தக் கதவைத் தட்டிய மாமியாரின் மருமகள் பிள்ளை பெற்று வார்டுக்கே போய்விட்டாள். விசிலக்கா பிரசவ அறையில் வைத்திருந்த பெரிய ரப்பர் பந்தின்மேல் உட்கார்ந்தாள், மண்டியிட்டாள், கணவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அவர் தம் வாயை மூடி வெகுநேரம் ஆகியிருந்தது. குழந்தையின் இதயத் துடிப்பை ஒலிபரப்பிக்கொண்டிருந்த கருவி மட்டும் குதிரை ஓடுவதுபோல் தடதடத்துக்கொண்டிருந்தது.

மருத்துவர் வந்து பரிசோதித்தார். "கர்ப்பவாய் நல்லாத் திறந்திருக்கு. ஆனா தலை இறங்கல. மேலயே நிக்குது. ரொம்ப நேரம் இப்படியே விடறது சரியில்ல. கொஞ்ச நேரம் பாக்கறேன். இல்லன்னா ஆபரேஷன்தான். தியேட்டர்ல சொல்லி வெச்சுடறேன்."

அந்நேரம்தான் பணிக்கு வந்திருந்த மருத்துவச்சி செவிலியிடம் கேட்டார்: "யூரின் போனாங்களா?"

"காலையிலயே போயிட்டாங்க மேடம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வரலைன்னு சொன்னாங்க."

அதுவும் உண்மைதான், அவளுக்கு வரவில்லை. வருவது எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இல்லை, காலையிலும் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வலி வந்து அவளைச் சுருட்டிக்கொண்டது. வலி போனபின், இதைப் போய் எப்படிச் சொல்வது என்று தோன்றிற்று. சொன்னால் என்ன நினைப்பார்கள்? எல்லார் முன்னாலும் வகுப்பில் பேர் வாங்கியவள், பொய் சொன்னாள் என்றல்லவா ஆகும்? முட்டிக்கொண்டு நின்றால் தெரியாதா, தெரியவில்லையென்றால் இல்லைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வலியின்போது குதிரையின் ஓட்டம் தளர்ந்தது. தடதட என்றது தட்... தட்... என்று ஆயிற்று. செவிலி கருவியின் பக்கம் திரும்பினாள். மருத்துவச்சி, "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, உடனே" என்றார். குரலில் அவசரம் இல்லை. ஆனால் வழக்கமான சிரிப்பும் இல்லை. அவளைப் புரட்டிப் படுக்க வைத்ததும் ஓட்டம் பழையபடி வேகம் பிடித்தது. அதற்குள் அவள் கட்டில் கம்பியை இறுகப் பற்றியிருந்தாள். தடமும் சன்னலில்லாத அறையும் எங்கோ போயின. உள்ளே ஒன்று மூச்சுக்குத் திணறுகிறது. அதற்கு வழி விடாமல் நான் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டுமே எஞ்சிற்று.

"மேடம், நான் போகல."

"எங்கம்மா போகல?"

"பாத்ரூம். காலையிலயும் போகல. போனேன்னு பொய் சொல்லிட்டேன். வெளியில ஆள் நின்னாங்க. ஆள் நின்னா எனக்கு வராது."

செவிலி வாயைத் திறந்தாள். மருத்துவச்சி கையைக் காட்டி அடக்கினார். போர்வையை விலக்கி அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்தார்.

"மூத்திரப்பை தேங்காய் மாதிரி நிக்குதே. இவ்வளவு நிறைஞ்சு இருக்கு, வழியை அடைச்சுக்கிட்டு. உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"எனக்கு எப்பவும் தெரியாது மேடம். பஸ்ல தெரிஞ்சா வேலை பாக்க முடியாது."

மருத்துவச்சி போர்வையைத் திரும்ப இழுத்துவிட்டார். பிறகு, "குழாய் போட்டா நொடியில எடுத்துடலாம். ஆனா நீங்களா விட்டா உடம்பு மொத்தமும் கூடவே விடும். இப்ப துடிப்பு நல்லா இருக்கு. ஒருதடவை முயற்சி பண்ணுங்க. அடுத்த வலி முடியறவரைக்கும்தான். வரலைன்னா குழாய், என்ன?" என்றார்.

கணவர் அவளைத் தாங்கிக்கொண்டு போனார். அவள் உள்ளே உட்கார்ந்தாள். அவர் வெளியே கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று வந்து நின்றது. "சார், கொஞ்சம் நகருங்க" என்றது ஒரு குரல்.

"நகர முடியாதுங்க. சுத்திக்கிட்டுப் போங்க."

"எவ்வளவு நேரம் சார் ஆகும்?"

"எனக்கெப்படித் தெரியும்? விசில் அவகிட்ட இருக்கு. அவ ஊதற வரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும்." பிறகு கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீ அவசரப்படாத. யாரையும் கிட்ட விட மாட்டேன். சாயங்காலம் ஆனாலும் நிக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் நடுவே வலி கிளம்பிற்று. உதட்டைக் குவித்து ஊதத் தொடங்கியவள், ஊதுவதை விட்டு, வாயைத் திறந்து, தொண்டையின் அடியிலிருந்து ஒரு முனகலை நீளமாக வெளியே விட்டாள். அத்தனை நாளும் கேட்டறியாத குரல். தாடை தளர்ந்தது. தோள் தளர்ந்தது. கீழே ஏதோ ஒன்று, ஒரு முடிச்சு அவிழ்வதுபோல், மெல்ல இளகிக்கொடுத்தது. முதலில் சொட்டுச் சொட்டாக; பிறகு நிற்காமல்.

அவள் அழுதாள். ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே அழுதாள். எழுந்திருக்க முயன்றபோது, இதுவரை அறியாத பாரம் ஒன்று கீழ்நோக்கி அழுத்திற்று.

"ஏங்க. கீழ இறங்குது."

கதவைத் தள்ளித் திறந்து அவளைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே ஓடினார். மருத்துவச்சி ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். அறுவைக்கு ஆயத்தமாகக் கையுறை போட்டுக்கொண்டு வந்த மருத்துவர் வாசலிலேயே நின்று பார்த்து, "சரி, நீங்க பாருங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

எளிதாக ஒன்றும் முடிந்துவிடவில்லை. தலை தெரிந்தது; உள்ளே போயிற்று; மறுபடியும் தெரிந்தது. துடிப்பு இன்னொரு முறை தளர்ந்தபோது செவிலி கருவியின் பக்கம் ஓடினாள். "இப்ப முக்காதீங்க. வாயைத் திறந்து சின்னச் சின்னதா மூச்சு விடுங்க. இறுக்காதீங்க. விடுங்கம்மா, விடுங்க" என்று மருத்துவச்சி சொல்லிக்கொண்டேயிருந்தார். விசிலக்கா விட்டாள். தலையும் தோளும் வழுக்கிக்கொண்டு வந்தன. பெண் குழந்தை. கையைக் காலை உதறிக்கொண்டு வீறிட்டது.

குழந்தையை அவள் மார்பில் கிடத்தினார்கள். கணவர் வெளியே சொல்லப் போனார். தாழ்வாரத்தில் காலையிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மாவின் குரல் கதவு வழியே கேட்டது.

"என்ன மாப்பிள்ளை? ஆபரேஷனா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அய்யோ, கீறிட்டாங்களா என் பொண்ணை? எதுக்கு இப்படி அழறீங்க? வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

விம்மல் மட்டும் கேட்டது. பிறகு செவிலியின் குரல்: "பாட்டிம்மா, சுகப்பிரசவம். பேத்தி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

பெஞ்சு கிறீச்சிட்டது. பிறகு அம்மாவின் குரல், இம்முறை அதட்டலாக வந்தது: "பெத்தது அவ. நீங்க எதுக்குய்யா இந்த அழுகை அழறீங்க? என் உசுரே போயிட்டு வந்துச்சு. மூக்கைத் துடைங்க முதல்ல."

விசிலக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிறு குலுங்கிற்று, மார்பிலிருந்த குழந்தையும் சேர்ந்து குலுங்கிற்று.

"சிரிக்காதீங்கம்மா" என்றார் மருத்துவச்சி, கையில் ஊசியும் நூலுமாக. "இன்னும் ஒரு தையல் பாக்கி இருக்கு."