நோன்புத் தலையிடிதானே என்று விட்டது

ரமழான் நோன்பு பதினேழு. பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். மாவடிப்பள்ளி வயலிலிருந்து ஒருவரை ஓட்டோவில் தூக்கி வந்தார்கள். தண்ணீர் பங்கிட்டுவிடும் வட்டவிதானை, ஐம்பது வயதிருக்கும். வாய்க்கால் கதவைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தவர், நெஞ்சில் கைவைத்தபடி வரம்பில் சரிந்தாராம்.

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் ஈசிஜி எடுப்பது என் வேலை. இருபது வருடங்களாக மனித இதயங்கள் கடுதாசியில் ஓடக் கண்டவன் நான். சேற்றைத் துடைத்து நெஞ்சில் லீட்களை ஒட்டினேன். எஸ்டி கோடு மேலே ஏறியிருந்தது. டீ அலைகள் அகலமாய், ஆழமாய், தலைகீழாய்த் தொங்கின. இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு குதித்தது.

"ஹார்ட் அட்டாக்தான், டொக்டர்" என்றேன். யாரும் கேட்காமலே.

டொக்டர் றிஸ்மியாவும் அப்படித்தான் நினைத்தார். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நிறைக்கச் சொன்னார். அதைப் போடுமுன் கேட்கவேண்டிய கேள்விகளை, கூட வந்திருந்த நோயாளியின் மனைவியிடம் மளமளவென்று கேட்டார். அடிபட்டதா? ஒப்பரேஷன் செய்ததா? தலையிடி?

"இல்ல டொக்டர், ஒண்டுமில்ல."

நேர்ஸ் மிஸ்ஸி ஊசியோடு நின்றார். டொக்டர் தன் நெற்றியை அழுத்திக்கொண்டார்.

"என்னகா, எனக்கே காலையிலரிந்து மண்டை இடிக்கிது. வெயில்ல நிண்ட மனிசனுக்கு ஒண்டுமே இல்லையா?"

"அது நோன்புத் தலையிடிதானே, டொக்டர்! பிளேன்டீ இல்லாட்டி ஆருக்குத்தான் இடிக்காது? அதையும் ஒரு வருத்தமெண்டு சொல்றதா?" என்றார் மனைவி.

"அப்ப இடிச்சதா?"

பின்னால் நின்ற, வயலிலிருந்து அவரைத் தூக்கிவந்த தம்பிக்காரர் வாய் திறந்தார். "கதவத் தூக்கின உடனே, 'மண்ட வெடிச்ச மாதிரி இரிக்கிடா' எண்டாரு. மறுகா சத்தியெடுத்தாரு. நோன்பு முறிஞ்சிருமோ எண்டுதான் கவலப்பட்டாரு. அதுக்குப் பொறகுதான் நெஞ்சப் புடிச்ச."

டொக்டர் நோயாளியின் பிடரியில் கைகொடுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து வளையவில்லை.

"ஊசிய கீழ வைங்க, மிஸ்ஸி. ஸ்கேனுக்குச் சொல்லுங்க."

ஸ்கேனில் மூளையைச் சுற்றி இரத்தம். அப்படிக் கசியும்போது உடம்பு மிரண்டு இதயத்தையும் உலுக்கிவிடும். கடுதாசி ஹார்ட் அட்டாக் போலவே வரும். அந்த ஊசி போயிருந்தால் கசிவு பெருக்கெடுத்திருக்கும். அம்புலன்ஸில் மூளை ஒப்பரேஷனுக்கு அனுப்பினோம். "ஹயாத்து இரிக்குமா டொக்டர், உசிரோட வருவாரா?" என்று மனைவி கேட்டார். "அல்லாஹ்ட்ட துஆ செய்ங்க, நாங்களும் விடமாட்டம்" என்றார் டொக்டர்.

மறுநாள் வார்டில் எல்லோரையும் கூட்டினார். "ஊசிய நிறைக்கச் சொன்னது நான். இன்னும் ரெண்டு நிமிசத்துல ஏத்தியும் இருப்பன்" என்றார். என் பெயரை எடுக்கவேயில்லை. பிழையைத் தன் தோளில் மட்டும் போட்டுக்கொண்ட அந்த நேரத்தில்தான் அவரை நான் முழுதாகக் கண்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, "ஒண்டுமில்ல" என்று வீட்டார் சொன்னால் இன்னொருமுறை கேளுங்கள். எது முதலில் வந்தது, எப்படி வந்தது என்று கேளுங்கள். அன்று அந்த இரண்டாவது கேள்வி இருந்தபடியால், வட்டவிதானை ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகைக்குத் தன் காலால் நடந்து போனார்.