வெர்னாவின் திருடி விழுந்த சண்டை

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து டுலூத் நகரில் எல்லோரும் சலுகை காட்டினார்கள். ஞாயிறுதோறும், ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் பகடைக் கதை விளையாட்டை நடத்தும் ஆரின் மட்டும் காட்டவில்லை. அவன் வகுத்த விதிப்படி, சண்டையில் மாட்டிய பாத்திரம் எதிரியின் காலிடுக்கில் உருண்டு தப்பலாம். இருபது முகப் பகடையில் பன்னிரண்டுக்குக் குறைந்தால் குப்புற விழ வேண்டும்.

பதினொரு வருடமாக வெர்னா ஆடிவந்த திருடி பாத்திரத்தை அன்று கதையில் ஓர் அரக்கன் மடக்கியிருந்தான். உருண்டு தப்பப் பகடையை உருட்டினாள். நான்கு.

"பாவம்டா, காலு சரியில்லாதவ. இன்னொரு தடவ உருட்டட்டும்," என்றான் அவள் கணவன் டேல்.

"நான் என்ன காலாலயா உருட்டறேன்? சும்மா இருங்க!"

"விழுந்தாச்சு, வெர்னா," என்றான் ஆரின்.

அரக்கனின் தடி இறங்கியது. திருடி செத்தாள்.

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெஜமா விழ விட்டியே ஆரின், ரொம்ப தாங்க்ஸ்டா. புதுப் பாத்திரம் எழுதத் தாள் குடு. அடுத்தவளும் உருளுவா."