மோட்டார் கொட்டகை வேம்பின் முண்டு

மரத்தில் வீக்கம்போலப் புடைத்து நிற்கும் கட்டியை முண்டு என்போம். மர மில்லில் அதை ஒதுக்கிப் போட்டுவிடுவார்கள். வாள் நேராக ஓடாது. எனக்கு அதுதான் வேண்டும். திண்டிவனத்தில் சின்னதாக ஒரு கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். முண்டுக்குள் ரேகை சுழன்று சுழன்று, நடுநடுவே சிறு கண்களோடு ஓடும். அதைக் கடைந்து கிண்ணம் செய்தால் புதுச்சேரிக் கடைகளில் ஒரு வாரம் தங்காது.

கண்டாச்சிபுரம் போகிற வழியில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த ஒரு கொல்லையின் மோட்டார் கொட்டகை ஓரமாக அந்த வேம்பைப் பார்த்தேன். அடிமரத்தில், உட்கார்ந்தால் முதுகு உயரத்தில், உரல் அளவுக்கு ஒரு முண்டு. பைக்கை நிறுத்திவிட்டுக் கொல்லைக்காரரிடம் கேட்டேன். "மரத்த வுட்டுட்டு அத மட்டுந்தானே? எடுத்துக்கினு போங்க" என்றார்.

அடுத்த வாரம் செயின் ரம்பத்தோடு போனபோது அவர் இல்லை. அவர் மனைவி முண்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மோட்டாருக்குக் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வரும்வரை அங்கேதான் காத்திருப்பாராம். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"இத்த எடுத்துட்டா மரம் பட்டுப்பூடாதா தம்பி?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. பட்டை மூடிக்கும்."

அது பொய். நிற்கிற மரத்தில் அவ்வளவு பெரிய முண்டை எடுத்தால் புண் மூடலாம், மூடாமலும் போகலாம். தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் எழுந்து நகர்ந்தார். ரம்பம் ஒரு சாண் ஆழம் போயிருக்கும். ஈரத் தூள் முகத்தில் தெறித்தது. துடைத்துக்கொண்டு திரும்பினால், அவர் கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறார்.

"இன்னாக்கா, முதுகு வலியா?"

"களையெடுத்துக் களையெடுத்து இந்த எடம் புடிச்சிக்கும். அந்தக் கட்டி சரியா அங்க அமுக்கும். சாஞ்சி உக்காந்தா கொஞ்ச நேரம் சொகமா இருக்கும். அதுக்கு இன்னா பண்றது, நீங்க வெட்டுங்க. அவருதான் சொல்லிட்டாரே."

அதற்குமேல் என்னால் வெட்ட முடியவில்லை. செம்மண்ணையும் சாணியையும் குழைத்து வெட்டுவாயை அடைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று என் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஏதோ பெரிய தருமம் செய்துவிட்டவன் மாதிரி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. மூன்றாவதில் ஒரு நாள் பலத்த காற்று. அன்றைக்கு அந்த அக்காவே போன் செய்தார். "தம்பி, மரம் சாஞ்சிடுச்சி. அடுப்புக்கு வெட்டப் போறேன்னு அவரு நின்னுக்கினு இருக்காரு. ஜல்தியா வாங்க."

போய்ப் பார்த்தேன். கொட்டகை ஓடுகளை நொறுக்கிக்கொண்டு விழுந்து கிடந்தது. முறிந்தது நான் வெட்டிய இடத்தில்தான். உள்ளே கை நுழையும் அளவுக்குக் கருத்து, உளுத்துப் போயிருந்தது. நான் அப்பிய செம்மண் ஒரு ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்தது.

பேசாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். வாய் வரவில்லைதான், ஆனாலும் சொன்னேன். "அக்கா, இது காத்துல மட்டும் வுழல. நான் வெட்டுன வழியாத் தண்ணி எறங்கியிருக்குது. அன்னைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னது பொய்."

அவர் உடைந்த ஓடு ஒன்றைக் காலால் ஒதுக்கினார்.

"தெரியும் தம்பி. வுழுந்ததுமே பாத்தேன். உங்கள நல்லாத் திட்டிட்டுத்தான் போன் போட்டேன்."

"அப்புறம் ஏங்க்கா என்னக் கூப்ட்டீங்க?"

"வேற யாரு இத்த எரிக்காம வச்சிப்பாங்க?"

முண்டை அறுத்தெடுத்து ஓரமாக வைத்தேன்.

அந்த வாரம் முழுக்கப் பட்டறையைப் பூட்டிவிட்டு அங்கேயே கிடந்தேன். அதே மரத்தின் நல்ல கிளைகளை அறுத்து, கொல்லைக்காரரோடு சேர்ந்து கொட்டகைக்குக் கைமரம் போட்டு ஓடு வேய்ந்தேன். ஏன் இதெல்லாம் செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. மனைவி சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நிற்கிற மரத்தில் நான் ரம்பம் வைத்ததில்லை. விழுந்தது கிடைத்தால் எடுப்பேன்.

முண்டில் பாதி சொத்தை. மீதியை மரத்தூளில் புதைத்து மாதக்கணக்கில் உலர்த்தியும் இரண்டு துண்டு வெடித்துவிட்டன. ஒரே ஒரு கிண்ணம் தேறியது. எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கட்டிக்குள்ள இவ்ளோ கோலமா!"

அலமாரியில் வைத்து அழகு பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். அடுத்த முறை போனபோது மாட்டுக்கு அதில்தான் தவிடு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். விளிம்பில் ஒரு நசுங்கல்கூட விழுந்திருந்தது. என் முகம் போன போக்கைக் கவனித்துவிட்டார் போல.

"கைக்கு அடக்கமா இருக்குது தம்பி. முன்ன வச்சிருந்த பிளாஸ்டிக் டப்பா மாடு மெதிச்சா ஒடைஞ்சிடும்" என்றார்.