தனிய நடக்க விடாதேங்கோ

1. இரண்டாம் தடவை

ஒரு புதன்கிழமை முற்பகல். முழங்கால் நோவுக்காரர் பலர் கிளினிக்கின் நீள வாங்கில் வரிசையாக இருந்தார்கள். கைத்தொலைபேசி அடித்தது. பண்டத்தரிப்பிலிருந்து புவனேஸ்வரி அம்மா.

"பிள்ளை, இவர் திரும்பவும் விழுந்திட்டார். நீங்கள் சொன்ன மாதிரித்தான் எல்லாம் செய்தனான். ஒரு நாளும் தனிய நடக்க விடேல்லை. அப்பிடியிருந்தும் விழுந்திட்டார்."

அவர் அழவில்லை, என்னைக் குறை சொல்லவும் இல்லை. தான் எங்கே பிழைவிட்டேன் என்று கேட்பது போலத்தான் அந்தக் குரல் இருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

வலிகாமத்தில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் இருபத்தெட்டு வருடம் இயன்மருத்துவராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இது ஓய்வுக்கு முந்திய கதை. சனங்களின் வாயில் 'பிசியோ மிஸ்'. இப்போது வேலைக்கு வரும் இளம் பிள்ளைகள், மறக்க முடியாத நோயாளி யார் என்று கேட்பார்கள். பாரிசவாதத்திலிருந்து எழும்பி நடந்தவர், கால் இழந்து சைக்கிள் ஓடியவர் என்று ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருப்பார்கள். நான் சொல்வது மணிக்கட்டு முறிந்து வந்த ஒருவரைப் பற்றி.

புவனேஸ்வரி அம்மாவின் கணவர் தியாகராசா. வயது எழுபத்தாறு. முப்பத்தொரு வருடம் இ.போ.ச. பஸ்ஸில் கொண்டக்டர். கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. கையில் போட்டிருந்த மாப்பத்துக் கட்டை வெட்டிய பிறகு, கைக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். கை நன்றாகத் தேறியது.

கடைசி நாளில் நடையையும் ஒருக்கால் பார்ப்போம் என்று நினைத்தேன். கதிரையிலிருந்து எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்க வேண்டும். நாங்கள் நேரம் பார்ப்போம். அவருக்குப் பதினாறு செக்கன் எடுத்தது. திரும்பும் இடத்தில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஐயா, திரும்பேக்கை தள்ளாடுது" என்றேன்.

அவர் சிரித்தார். "மிஸ், காரைநகர் றோட்டிலை ஓடுற பஸ்ஸுக்குள்ளை ஒரு கையிலை ரிக்கற் புத்தகம், மற்றக் கையிலை பேனை. கம்பியைப் பிடிக்க எனக்கு மூண்டாவது கை இருக்கேல்லை. அப்பிடி நிண்டவன் நான்."

வெளியே சனம் காத்துக்கொண்டிருந்தது. நான் அவரோடு கதைப்பதை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினேன். "கவனம் அம்மா. இந்த வயசிலை விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ஐயாவைத் தனிய நடக்க விடாதேங்கோ." பயிற்சிப் படங்கள் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, இனி வரத் தேவையில்லை என்று கிளினிக் அட்டையில் கையெழுத்து வைத்து அனுப்பினேன். மொத்தம் ஐந்து நிமிடம் போயிருக்காது.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. நானும் தேடவில்லை. அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது நாலு மாதம் கழித்து.

2. சேலைத் துண்டு

அன்று பின்னேரம் போனபோது ஐயா முன் அறையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். புருவத்துக்கு மேலே நீலமாகக் கன்றியிருந்தது. எக்ஸ்றே எடுத்துப் பார்த்ததில் எலும்பு ஒன்றும் முறியவில்லை. என் கண் போனது வேறு இடத்துக்கு. கதிரையின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே ஒரு பழைய சேலைத் துண்டு முடிச்சுப் போட்டிருந்தது.

நான் பார்த்ததை அம்மா கண்டுவிட்டார். "கட்டி வைக்கேல்லை, பிள்ளை. இழுத்தால் அவிழும். நான் குசினிக்கை நிக்கேக்கை இவர் மறந்துபோய் எழும்பிப் போடுவார் எண்டு, ஒரு ஞாபகத்துக்குத்தான்."

இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குக் கீழே ஐயாவுடைய கெண்டைக்கால்கள் பாதியாகிவிட்டிருந்தன. தலை குனிந்தபடி அவரே சொன்னார். "மழைச் சாரல் உள்ளுக்கு அடிச்சுது. யன்னலைச் சாத்துவம் எண்டு எழும்பினனான். கண் இருண்டு போச்சு."

இருக்க வைத்து, கையில் பட்டி கட்டிப் பிறெசர் பார்த்தேன். எழுப்பி நிற்க வைத்துப் பார்த்தேன். நின்றதும் பிறெசர் சட்டென்று இறங்கியது. உதடு வெடித்திருந்தது, நாக்கும் காய்ந்திருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறியள், ஐயா?"

அம்மாதான் சொன்னார். "தேத்தண்ணியும் வேண்டாமெண்டு விட்டிட்டார். வயித்துக்கை ஏதோ செய்யுதாம்." சொல்லிக்கொண்டே எனக்குத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார். போகும்போது ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது.

ஐயா குரலைத் தாழ்த்தினார். "வயித்துக்கை ஒண்டுமில்லை, மிஸ். தண்ணி குடிச்சால் ஒண்டுக்குப் போகவேணும். போறதெண்டால் அவளைக் கூப்பிடவேணும். அவளுக்கு முதுகு ஏலாது. நான் கூப்பிட்டால் கையிலை இருக்கிறதைப் போட்டிட்டு ஓடி வாறாள். ரெண்டு தரத்தோடை நிப்பாட்டுவம் எண்டு, குடிக்கிறதைக் குறைச்சிட்டன்."

அப்போதுதான் எனக்கு முழுக்கக் கணக்கு விளங்கியது. இருந்த இடத்திலேயே நாலு மாதம் இருந்ததில் கால் வற்றியது. மனைவிக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாதென்று தண்ணீரை விட்டார். அவர் முன்பிருந்தே விழுங்கிவந்த பிறெசர் குளிசை மட்டும் பழைய அளவிலேயே போனது. எழும்பியதும் தலை சுற்றியது. ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், தொடக்கத்தில் 'தனிய நடக்க விடாதேங்கோ' என்ற என்னுடைய மூன்று சொற்கள் நின்றன.

தேத்தண்ணி வந்த பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். "பிழை என்னிலைதான். நடக்க விடாதேங்கோ எண்டு சொல்லியிருக்கக் கூடாது."

"நீங்கள் என்ன பிழை விட்டனீங்கள்? விழக்கூடாது எண்டுதானே சொன்னனீங்கள்" என்றார் அம்மா. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அந்த மூன்று மீற்றர் நடைக்குத் திரும்ப நேரம் பார்த்தேன். கைப்பிடியை ஊன்றி எழும்பியும் முப்பத்துநாலு செக்கன்.

3. கதவு

கிளினிக்கில் கேட்காத கேள்வியை அன்றைக்குக் கேட்டேன். "ஐயா, உங்களுக்கு எது செய்ய ஏலவேணும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "கக்கூசுக்கு நானாப் போகவேணும்."

கதிரையிலிருந்து கக்கூஸ் வாசல் வரை நடந்து அளந்தேன். இருபத்திரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். நடுவில் ஒரு படி. படிக்குக் கீழே கால் துடைக்கிற சாக்கு. சாக்கை எடுத்து எறிந்தோம். மேசன் ஒருவரைப் பிடித்து, படியடியிலும் கக்கூசுக்குள்ளும் இரும்புப் பைப்பில் கைபிடி போட்டோம். குதியில் வார் இல்லாத தேய்ந்த செருப்பு மாறியது. நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வைத்தியர் பிறெசர் குளிசையின் அளவைக் குறைத்தார். தண்ணீரைப் போத்தலில் நிரப்பி, பின்னேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றேன்.

பயிற்சி பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் முன்னால் கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருத்தல். முதல் நாள் இரண்டு தரம்தான் முடிந்தது. குசினி மேசையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தை வைத்து நிற்றல். அதிலும் பயத்தில் முழங்காலை விறைத்துக்கொண்டு நின்றார். நான் எவ்வளவு விளங்கப்படுத்தியும் சரிவரவில்லை. கடைசியில், "ஓடுற பஸ்ஸிலை எப்பிடி நிண்டனீங்கள் எண்டு காட்டுங்கோ" என்றேன். காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் இளக்கி, பாரத்தைப் பாதத்துக்கு விட்டு நின்றார். நான் படத்தில் காட்டியதைவிட அது சரியாக இருந்தது.

கஷ்டமான பயிற்சி அம்மாவுக்குத்தான். ஐயா எழும்பினால் அம்மாவின் கை தானாக நீளும். "பக்கத்திலை நில்லுங்கோ. ஆனால் பிடியாதேங்கோ" என்றேன். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் என்னிடம், "பாத்துக்கொண்டு நிக்கிறது தூக்கிறதைவிடப் பாரம், பிள்ளை" என்றார்.

பயிற்சி தொடங்கிய ஐந்தாவது கிழமை போனபோது அம்மா வாசல் படலையடியிலேயே நின்றார். "இண்டைக்குக் காலமை நான் தேங்காய் திருவிக்கொண்டு இருந்தனான். எழும்பின சத்தம் கேட்டுது. நான் போகேல்லை. நடந்த சத்தம் கேட்டுது. பேந்து கக்கூஸ் கதவு சாத்தின சத்தம்." படலையைத் திறந்துவிட்டபடி சொன்னார். "நாலைஞ்சு மாதமா அவர் கதவு சாத்திக்கொண்டு போகேல்லை."

சேலைத் துண்டைக் கதிரையில் காணவில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

4. நிலத்திலிருந்து

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு காரியம் எனக்கு மனதில் குடைந்துகொண்டிருந்தது. பாயை விரித்து அவரை நிலத்தில் படுக்கச் சொன்னேன்.

"விழுத்திக் காட்டப் போறியளோ?" அம்மாவுக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

"விழுந்தால் எழும்பிறது எப்பிடியெண்டு பழகப் போறம், அம்மா."

பக்கவாட்டில் உருள வேண்டும். முழங்கையை ஊன்றி, பிறகு நாலு காலில் தவழ வேண்டும். அசையாத வாங்கு ஒன்றுக்குப் போய், அதில் கையை வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழும்ப வேண்டும். முதல் நாள் உருண்டதோடு சரி. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். "குழந்தைப் பிள்ளை மாதிரி இருக்கு, மிஸ்" என்றார். நானும் பக்கத்தில் படுத்து, அவரோடு சேர்ந்து உருண்டு தவழ்ந்து காட்டினேன். அந்த வயதில் எனக்கும் முழங்கால் நொந்தது. மூன்று கிழமையில் அவர் தனியாக எழும்பினார்.

ஒரு வருடத்துக்குமேல் போயிருக்கும். ஒரு நாள் காலை அவரே தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், இண்டைக்கு விழுந்தனான்."

"அம்மா எங்கை?"

"சந்தைக்குப் போட்டாள். கோழிக்குத் தீன் போடப் போன இடத்திலை கால் இடறிச்சு. உடனை எழும்பேல்லை. அப்பிடியே கிடந்து கை கால் எல்லாம் அசைச்சுப் பாத்தன். முறிவு ஒண்டுமில்லை. பேந்து உருண்டு, தவண்டு, வாங்கைப் பிடிச்சு எழும்பியிட்டன். முழங்கையிலை உரஞ்சல் மட்டும்."

"அம்மாவுக்குச் சொல்லுவியளோ?"

"சொல்லத்தான் வேணும். நாளைக்கும் நான்தான் தீன் போடுவன் எண்டதையும் சேத்துச் சொல்லப் போறன்."

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும், இவர் இனி விழமாட்டார் என்று நான் வாக்குக் கொடுத்ததில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதுதான். 'கவனம்' என்பது எங்களுக்கு ஒரு சொல். வீட்டுக்காரருக்கு அது முழுநாள் வேலை. ஒன்றைச் செய்யாதேங்கோ என்று வாய் திறக்க முன்னம், அதைச் செய்யாவிட்டால் அந்த மனிதர் வேறு எதையெல்லாம் விட்டுவிடுவார் என்று கேளுங்கள். மனைவியிடம் அல்ல, மகளிடம் அல்ல, அவரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை, வெளியே எத்தனை பேர் நின்றாலும் அட்டையில் கையெழுத்து வைக்காதீர்கள்.