செம்புத் தகட்டில் வைத்த எஞ்சின்

தங்கச்சியின் புருஷன் காய்ச்சலில் செத்தபோது அவளுக்கென்று மிஞ்சியது, வள்ளத்தின் பின்னால் பூட்டுகிற எஞ்சின் ஒன்றுதான். எண்பத்தைந்தாம் ஆண்டோ எண்பத்தாறோ, சண்டையால் கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த காலம். ஊர்காவற்றுறையில் என் வீட்டு வளவில் அதை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். தடை எடுபட்டதும் யாருக்காவது கொடுத்து, பிடிக்கிற மீனில் ஒரு பங்கு வாங்கிச் சீவிக்கலாம் என்பது அவள் எண்ணம்.

ஓலை வீட்டுக்குள் எண்ணெய்ச் சாமான் வேண்டாம் என்று மனைவி மறித்துவிட்டாள். என்னிடம் ஒரு செம்புத் தகடு இருந்தது. முந்தி எங்கள் துறையில் பழைய பாய்க்கப்பல்களை உடைப்பார்கள். மரத்தைப் புழு அரிக்காமல் அவற்றின் அடியில் செம்பு அடித்திருக்கும். என்னைப் பெற்ற ஐயா ஒரு தகடு வாங்கி வந்து அதில் மிளகாய் காயப்போடுவார். வெயிலில் கைவைக்க ஏலாத சூடு. கப்பலைக் காத்த செம்பு எஞ்சினைக் காக்காதா என்று எண்ணி, வேலியோரம் தகட்டை விரித்து அதன்மேல் எஞ்சினைப் படுக்க வைத்துச் சாக்கால் மூடினேன்.

பக்கத்து வளவுக்காரர் தன் எஞ்சினைப் பூவரச மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"என்ன, எஞ்சினுக்கு ஏணை கட்டித் தாலாட்டுறீரோ?" என்றேன்.

"நீர் தட்டில வைச்சுப் படையல் போடுறீர். நான் தாலாட்டினால் என்ன?" என்றார்.

ஒரு மாரி போனது. கடல் திறந்தது. தங்கச்சி, வள்ளம் வைத்திருந்த சம்மாட்டியார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, எடுத்துக் காட்டுங்கோ. நாளைக்கே பூட்டப் போறாராம்."

சாக்கை நீக்கித் தூக்கினேன். தகட்டில் பட்டிருந்த, தண்ணீருக்குள் இறங்குகிற அலுமினியக் கால் முழுக்க வெள்ளை மாவாகக் கொட்டியது. விரல் போகிற ஓட்டைகள். செம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வளவுக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. "உப்பு ஈரத்தில செம்பு பட்டால் அலுமினியத்தைத் தின்னும். இடையில ஒரு பலகை, ஒரு ரப்பர் துண்டு வைச்சிருந்தாலே காணும்" என்றார்.

"நான்தான் வைச்சனான்" என்றேன்.

"அண்ணை நல்லாத்தான் பாத்தவர். உப்புக் காத்து" என்று தங்கச்சி சம்மாட்டியாருக்குச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, பூவரசில் தொங்கியதை விலை பேசப் போனார். எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது.

மறுநாளிலிருந்து தங்கச்சி கருவாட்டுக்கு மீன் வெட்டக் கூலிக்குப் போனாள். கடற்கரைக்கு என் வேலிப் படலையைத் தாண்டித்தான் நேர்வழி. அவள் கோயிலடியால் சுற்றிப் போனாள். கோபம் என்றே நினைத்திருந்தேன்.

பிறகொருநாள் மனைவி சொன்னாள்: "கோபமில்லையாம். மீன் கத்தியோடை தன்னைக் கண்டால் அண்ணை குறுகிப்போவார் எண்டுதான் சுத்திப் போறாளாம்."